விருந்தாளியாகப் போகும் முறை: வேலூரிலிருந்து முதன்முறை வெளிநாட்டுச் சுற்றுலா செல்பவர்களுக்கு

வேலூர் காந்தி ரோட்டில் காலை ஏழு மணிக்கு நின்று பார்ப்பவருக்கு, வெளியூர்க்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் தனியாக வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையை நம்பிக் கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து, வாரக்கணக்கில் லாட்ஜுகளில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களை இந்தத் தெரு பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறது. கடைப் பலகைகளில் வங்காள எழுத்து ஏறியதும், காய்கறி விற்பவர் வங்காளத்தில் விலை சொல்லப் பழகியதும் அதனால்தான். அவர்களில் யாரைக் கண்டால் லாட்ஜ்காரர் முகம் மலர்ந்து சாவியை எடுத்துக் கொடுக்கிறார், யாரைக் கண்டால் அறை காலியில்லை என்று சொல்லிவிடுகிறார் என்பதும் நமக்குத் தெரியும். தமிழ் தெரியவில்லை என்பதற்காக இங்கே யாரும் ஒருவரைக் குறைவாக நினைப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு வராந்தாவில் உரக்கப் பேசுபவரையும், பொதுக் குழாயடியைச் சேறாக்கிவிட்டுப் போகிறவரையும்தான் மறுநாள் காலையில் தெருவே பேசுகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நான் இராணிப்பேட்டையில் காலணி ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவன். வேலை காரணமாகச் சில முறை ஐரோப்பாவுக்குப் போய் வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்களும் உறவினர்களும் சேர்ந்து புறப்படும் சிறு குழுக்களைச் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இலங்கை என்று அழைத்துச் சென்று வருகிறேன். கீழே உள்ளவற்றில் பாதியை நான் என் தவறுகளிலிருந்தே கற்றேன்.

முதற்படி: டிக்கெட் எடுத்த வாரத்திலேயே அந்த நாட்டைப் படித்துவிடுங்கள்

எங்கே என்ன வாங்கலாம் என்று தேடுவதற்கு முன், அங்கே எது தடை செய்யப்பட்டது என்று தேட வேண்டும். சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங்கம் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் அங்கே தடை செய்யப்பட்டவை என்பதும், சாதாரண சிகரெட்டுக்குக்கூட முதல் பாக்கெட்டிலிருந்தே வரி உண்டு என்பதும் நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தாய்லாந்திலும் மின்சிகரெட் கூடாது. அந்நாட்டு அரச குடும்பத்தைப் பற்றி இழிவாகப் பேசுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகையால் ரூபாய் நோட்டைப் போலவே அரசர் படம் அச்சிட்ட பாத் நோட்டையும், அது காற்றில் பறக்கும்போது காலால் மிதித்து நிறுத்துவது போன்ற செயல்களைத் தவிர்க்க வேண்டும்.

இத்துடன் வருகைப் படிவத்தையும் முடித்துவிடலாம். சிங்கப்பூருக்கான மின்னணு வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே முதல் இதே போன்ற மின்னணு அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டும் அரசு இணையதளத்தில் இலவசம். இதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது இடைத்தரகருடையது என்று புரிந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போய், விமான நிலையத்தில் வரிசைக்கு நடுவே நின்றுகொண்டு பேரனுக்குப் போன் போட்டு மின்னஞ்சல் முகவரி கேட்பவரால், அவர் பின்னால் நிற்கும் இருபது பேருக்குத் தொல்லை. அவ்வகையில் படிவமும் நடத்தையைச் சேர்ந்ததே.

இரண்டாம் படி: பெட்டி கட்டும் இரவு

நம் வீடுகளில் வெளிநாட்டுப் பெட்டி என்பது பாதி சமையலறை. சென்ற முறை புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, எங்கள் கூடத்தில் பாயை விரித்து, துபாயில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் பக்கத்து வீட்டு அம்மாவின் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பொட்டலமாக முகர்ந்து பார்த்தோம். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், பூண்டு ஊறுகாய், ஆற்காட்டிலிருந்து வாங்கிய மக்கன் பேடா, அதற்கு அடியில் துணி சுற்றிய ஒரு டப்பாவில் குருமாப் பொடி. "இதுல கசகசா போட்டிருக்கீங்களா அம்மா?" என்று கேட்டேன். "கசகசா இல்லாம குருமாவா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட பொருள். அது தெரியாமல் கொண்டுபோய்ச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்த டப்பா எங்கள் வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டுக் குருமா நன்றாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்கக் கூடாது. அதன் எண்ணெய் தீப்பற்றக்கூடியது என்று விமானப் பாதுகாப்பு விதி அதை விலக்குகிறது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாயும் தொக்கும் பாதுகாப்புச் சோதனையின் கணக்கில் திரவம்; 100 மில்லிக்கு மேற்பட்ட பாத்திரமானால் அதைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. அந்த அதிகாரியிடம் நின்று வாதாடுவதைவிட, இரட்டை உறை போட்டுப் பெரிய பெட்டியிலேயே வைத்துவிடுவது நல்லது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிட வேண்டும். காட்டிவிட்டுப் போனால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்துப் பிடிபட்டால் கடும் அபராதம்.

மருந்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். டாக்டர் சீட்டு வீட்டுக்கு வீடு ஒரு கட்டு இருக்கும் ஊர் இது. அந்தச் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் தெளிவாக இருக்கும்படி எழுதி வாங்கி, மாத்திரையை அதன் அட்டையோடே எடுத்துச் செல்லுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ரமடால் போன்ற வலி மாத்திரைகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

மூன்றாம் படி: வழியனுப்புதலும் விமானமும்

வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒருவர் சிங்கப்பூர் போக, இரண்டு வேன்களில் பதினெட்டுப் பேர் கிளம்பி, புறப்பாட்டு வாயிலை அடைத்துக்கொண்டு நின்று, மாலை போட்டு, படம் எடுத்து, அழுது முடிப்பதற்குள், பின்னால் தள்ளுவண்டியோடு நிற்கும் அந்நியர்கள் பொறுமையிழந்துவிடுவார்கள். மாலையும் ஆரத்தியும் வீட்டு வாசலிலேயே முடியட்டும். விமான நிலையத்துக்கு இரண்டு பேர் போதும்.

விமானத்துக்குள் நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. முன் இருக்கையின் முதுகைப் பிடித்து இழுத்து எழுந்திருக்கக் கூடாது. அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். குடும்பம் சேர்ந்து உட்கார விரும்பினால் இருக்கையை முன்பதிவின்போதே தேர்ந்தெடுக்க வேண்டும்; ஏறிய பிறகு அடுத்தவரிடம் கேட்கலாம், ஆனால் அவர் மறுத்தால் முகம் சுளிக்கக் கூடாது. பணிப்பெண்ணைத் தோளில் தட்டியோ உடையைத் தொட்டோ கூப்பிடக் கூடாது. தலைக்கு மேலே அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துவதற்காக வைக்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து பெட்டியை இறக்குவது காட்பாடி ஜங்ஷனில் இரண்டு நிமிடம் நிற்கும் ரயிலில் வாழ்ந்து பழகியதன் விளைவு. விமானத்தில் கதவு திறக்காமல் யாரும் இறங்கிவிட முடியாது.

நான்காம் படி: வரிசை

நம் ஊரில் வரிசையில் ஒரு முழ இடைவெளி விட்டால், அது காலி இடம் என்று யாராவது வந்து நின்றுவிடுவார்கள். ஆகவே முன்னால் நிற்பவரின் முதுகை ஒட்டி நிற்கக் கற்றுக்கொண்டோம். வெளிநாடுகள் பலவற்றில் அந்த இடைவெளி முன்னால் நிற்பவருக்குச் சொந்தம். கையை நீட்டினால் அவர் மேல் படாத தூரத்தில் நில்லுங்கள். இமிகிரேஷன் மேசைக்கு முன்னால் தரையில் ஒரு கோடு இருக்கும். கூப்பிடும் வரை அதைத் தாண்டக் கூடாது, அந்த இடத்தில் படம் எடுக்கக் கூடாது, கைப்பேசியில் பேசவும் கூடாது. குடும்பத்தில் ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு மற்ற ஆறு பேர் பிறகு வந்து சேர்ந்துகொள்வது ரேஷன் கடையிலேயே சண்டைக்கு இடம் கொடுக்கும் காரியம். அங்கே சண்டை போட மாட்டார்கள், ஆனால் அனைவரும் பார்ப்பார்கள்.

நகரும் படிக்கட்டில் எந்தப் பக்கம் நிற்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். சிங்கப்பூரிலும் டோக்கியோவிலும் இடது பக்கம் நின்று வலது பக்கத்தை விடுகிறார்கள். லண்டனிலும் ஒசாகாவிலும் வலது பக்கம் நிற்கிறார்கள். விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம், முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றால் போதும். கணவனும் மனைவியும் கைகோத்துப் படியை முழுவதும் அடைத்து நிற்பதுதான் எந்த ஊரிலும் பொருந்தாது.

ஐந்தாம் படி: விடுதி அறை, அதிலும் குளியலறை

இதைப் பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுவதால் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடந்த காலணிக் கண்காட்சிக்காக ஒரு சிறு விடுதியில் தங்கியிருந்தேன். முதல் நாள் காலையில் குளியல் தொட்டிக்குள் இறங்கிக் குளிப்பது எனக்கு ஒவ்வவில்லை. தொட்டிக்கு வெளியே தரையில் நின்று, அறையிலிருந்த குப்பைக் கூடையைக் கழுவி வாளியாக்கி, காபிக் கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தேன். தண்ணீர் வடிய ஓட்டையே இல்லை என்பது பாதிக் குளியலில்தான் கண்ணில் பட்டது. கதவின் அடியில் வழிந்த நீர் படுக்கையறைக் கம்பளத்தை நனைத்து, நடைபாதைக் கம்பளம் வரை போய்விட்டது. விடுதிக்காரப் பெண்மணி வந்து பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவரும் அவருடைய மகனும் மண்டியிட்டுத் துண்டுகளால் கம்பளத்தை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்ததைத் தலை துவட்டாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆகவே முதலில் தரையைப் பாருங்கள். வடிகால் இல்லாத குளியலறையில் தொட்டிக்குள்ளோ கண்ணாடி அறைக்குள்ளோ நின்றுதான் குளிக்க வேண்டும். திரை இருந்தால் அதன் அடிப்பகுதி தொட்டிக்கு உள்ளே விழுந்திருக்க வேண்டும். கால் துடைக்கும் தடித்த துண்டு தரையில் விரிப்பதற்கு, அதைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டாம். மேல்நாட்டுக் கழிப்பறையின் இருக்கை மீது காலை வைத்துக் குந்தக் கூடாது; அது உடைந்து காயம் படும், அடுத்து வருபவருக்கும் அசுத்தம். தண்ணீர் இல்லாமல் நமக்குச் சரிவராது என்றால் ஒரு சிறு பிளாஸ்டிக் பாட்டிலைப் பெட்டியில் எடுத்துச் செல்வது தவறில்லை. ஆனால் முடித்த பிறகு இருக்கையையும் தரையையும் காகிதத்தால் துடைத்து உலரவிட்டு வர வேண்டும். ஈரத் தரை நமக்குச் சுத்தத்தின் அடையாளம், அவர்களுக்கு அது வழுக்கி விழும் இடம். பொதுக் கழிப்பறையில் முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவக் கூடாது. ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும். அங்கே நம்மவர்களுக்குக் கவலையே இல்லை.

அறைக்கு வெளியே உள்ள நடைபாதை பொதுவிடம். நைட்டியோடும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டும் அதில் உலாவுவதையும், நான்கு அறைகளின் கதவுகளையும் திறந்து வைத்துக் கல்யாண மண்டபத்தைப் போல உள்ளேயும் வெளியேயும் போய் வருவதையும் தவிர்க்க வேண்டும். 2019-இல் சுவிட்சர்லாந்து விடுதி ஒன்று, இந்திய விருந்தினர்களுக்கென்று தனியாக ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தது செய்தியானது: காலைச் சிற்றுண்டியைப் பொட்டலம் கட்டாதீர்கள், நடைபாதையில் அமைதி காக்கவும் என்ற வகையில் அதில் எழுதியிருந்தார்கள். ஒரு நாட்டாரை மட்டும் குறிப்பிட்டு ஒட்டியது முறையல்ல என்று பலரும் கண்டித்தார்கள், அது சரியான கண்டனமே. எனினும், நம் லாட்ஜ்களில் வங்காளத்தில் மட்டும் எழுதி ஒட்டிய எச்சரிக்கைகளை நாம் அன்றுவரை கவனித்ததில்லை என்பதும் அப்போது எனக்கு உறைத்தது.

அறைக்குள் இண்டக்ஷன் அடுப்பு வைத்துத் தாளிக்கக் கூடாது. புகை உணரும் கருவி அலறினால் கட்டடமே காலியாகும். பல விடுதிகளில் அதற்குரிய செலவையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

ஆறாம் படி: சாப்பாட்டு மேசை

பஃபே என்பது பந்தி அல்ல. யாரும் வந்து பரிமாற மாட்டார்கள், தட்டில் வைத்ததை மிச்சம் விட்டால் அது உங்கள் கணக்கு. முதல் சுற்றில் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சிறிதளவு எடுத்து, பிடித்ததற்கு மறுபடி போவது சரி. மதியத்துக்கு ஆகும் என்று வாழைப்பழத்தையும் அவித்த முட்டையையும் கைப்பையில் போட்டுக்கொள்வது கூடாது. பயணத்துக்காக உணவு வேண்டும் என்றால் முதல் நாள் இரவே கேளுங்கள்; பல விடுதிகள் கட்டித் தருகின்றன. சைவமா என்று கேட்கும்போது 'வெஜ்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், மீனும் முட்டையும் இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் மீன் சாற்றையும் ஜப்பானில் மீன் துருவலில் வடித்த சாற்றையும் இறைச்சியாகவே பலர் கருதுவதில்லை. தட்டு வந்த பிறகு முகத்தைச் சுளித்து மூக்கைப் பிடிப்பது சமைத்தவரை அவமதிப்பதாகும். நம் மீன் குழம்பை ஒருவர் நம் வீட்டிலேயே அப்படிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் தேக்கா நிலையம் என்ற அங்காடி வளாகத்தின் உணவகத்தில் எங்கள் குழு சாப்பிட்டு முடித்ததும், பழக்கத்தின்படி தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தது. மேசை துடைத்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் கையை நீட்டித் தட்டு வைக்கும் அலமாரியைக் காட்டி, "தம்பி, தட்டு அங்க வைக்கணும்பா" என்று தமிழிலேயே சொன்னார். எழுந்த பன்னிரண்டு பேரும் திரும்பி வந்து ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்காடி உணவகங்களில் தட்டைத் திருப்பி வைப்பது அங்கே 2021 செப்டம்பர் முதல் சட்டப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது. முதல் முறை எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அபராதம். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் தனியாகக் கிடந்தால், அங்கே ஒருவர் இடம் பிடித்திருக்கிறார் என்று பொருள். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இருக்காது.

பரிமாறுபவரை விரல் சொடுக்கியோ "ஹலோ ஹலோ" என்றோ கூப்பிடாமல், கண்ணைப் பார்த்துக் கையைச் சற்று உயர்த்தினால் வருவார். அன்பளிப்புப் பணம் ஜப்பானில் வழக்கமில்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து கொடுப்பார்கள். அமெரிக்க உணவகங்களில் நூற்றுக்குப் 15 முதல் 20 வரை கொடுப்பது எழுதாத விதி; கொடுக்காமல் வருவது பரிமாறியவரின் கூலியைப் பிடித்தம் செய்வதற்குச் சமம்.

ஏழாம் படி: குரல்

நம்மிடம் எல்லா நாட்டாரும் சொல்லும் குறை ஒன்று உண்டென்றால் அது சத்தம்தான். நாம் கோபத்தில் கத்துவதில்லை. அன்பாகப் பேசுவதே அந்தச் சுருதியில்தான். ஆனால் மொழி தெரியாதவருக்குச் சண்டைக்கும் விசாரிப்புக்கும் வேறுபாடு தெரியாது. ஜப்பானிய ரயிலில் கைப்பேசியை ஒலியில்லா நிலையில் வைத்து, அழைப்பு வந்தால் எடுக்காமல் இருப்பது வழக்கம். வேலூரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் ஜன்னல் வழியாக ஃபூஜி மலையைக் காட்டும் ஆசை நியாயமானது. அதை நிலையத்தில் இறங்கி ஓரமாக நின்று செய்யலாம். ரீல்ஸை ஒலிபெருக்கியில் ஓடவிடுவது எந்த நாட்டிலும் கூடாது, நம் டவுன் பஸ்ஸிலும்தான்.

சிங்கப்பூர் எம்.ஆர்.டி. ரயிலில் உண்பதற்கும் குடிப்பதற்கும் 500 வெள்ளி வரை அபராதம். டுரியான் பழத்தை உள்ளே கொண்டுவரவே கூடாது. துபாய் மெட்ரோவில் உண்டால் 100 திர்ஹாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் அதே தொகை. பிள்ளைக்குப் பசிக்கிறது என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் சுவரிலுள்ள படத்தைப் பார்த்துவிடுங்கள்.

குழுவாகச் செல்பவர்களுக்கு நேரமும் இதில் சேரும். வண்டி ஒன்பது மணிக்கு என்றால் எட்டு ஐம்பதுக்கு இருக்கையில் இருக்க வேண்டும். முப்பது பேர் குழுவில் ஒருவர் பதினைந்து நிமிடம் தாமதித்தால் மற்ற இருபத்தொன்பது பேரின் நேரத்தையும் அவர் எடுத்துக்கொள்கிறார். ஓட்டுநரின் பணிநேரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு உள்ள ஐரோப்பிய நாடுகளில், மாலையில் பார்க்க வேண்டிய ஓர் இடம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

எட்டாம் படி: கோயில், சுவர், கேமரா

ஸ்ரீபுரம் பொற்கோயிலில் கைப்பேசியை வெளியே ஒப்படைத்துவிட்டு, உடை விதியை ஏற்று, நட்சத்திர வடிவப் பாதை முழுவதையும் மௌனமாக நடந்து போகிறோம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பணிவை அப்படியே பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம். தாய்லாந்து விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், உள்ளங்கால் புத்தரை நோக்கி நீளக் கூடாது, பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. செல்லமாகக்கூட அங்குள்ள குழந்தைகளின் தலையைத் தடவ வேண்டாம். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அவமதிப்பாகக் கருதப்படுகிறது; புத்தர் உருவத்தைக் கையில் பச்சை குத்தியிருந்த பயணி ஒருவரை 2014-இல் அந்நாடு திருப்பி அனுப்பியது. வத்திக்கானிலும் தோள், முழங்கால் விதி உண்டு. சிஸ்டைன் சிற்றாலயத்தின் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. ரோம் நகரின் ஸ்பானியப் படிகளில் 2019 முதல் உட்காரவே தடை. கால் வலித்தால் அருகிலுள்ள காபிக் கடையில் உட்காரலாம்.

பெயர் செதுக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர்க் கோட்டைச் சுவரில் அம்பு துளைத்த இதயங்களைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்திருக்கிறோம். 2013-இல் எகிப்தின் லக்சர் கோயில் புடைப்புச் சிற்பத்தின் மேல் சீனச் சிறுவன் ஒருவன் தன் பெயரைக் கீறிய படம் உலகெங்கும் பரவியது. பெற்றோர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அதே ஆண்டு சீன அரசு, வெளிநாடு செல்லும் தன் மக்களுக்காக 64 பக்கக் கையேடு ஒன்றை வெளியிட்டது. விமானத்திலுள்ள உயிர்காப்பு உடையை எடுத்துச் செல்லாதீர்கள், பொது இடத்தில் மூக்கைக் குடையாதீர்கள் என்பது வரை அதில் இருந்தது. அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுற்றுலாச் சட்டத்திலும் பயணிகளின் நடத்தை இடம் பெற்றது. ஒரு பையனின் கிறுக்கல் ஒரு நாட்டின் தலையில் விழுந்த கதை அது. 2023-இல் ரோம் கொலோசியச் சுவரில் சாவியால் காதலியின் பெயரைக் கீறிய ஐரோப்பியப் பயணியோ, அந்தக் கட்டடம் அவ்வளவு பழமையானது என்று தமக்குத் தெரியாது என எழுதி மன்னிப்புக் கேட்டார். ஆகவே இது எந்த ஓர் இனத்துக்கும் உரிய குறை அன்று. சாவி கையில் இருக்கும் எல்லோருக்கும் உரியது.

கேமரா இன்னும் நுட்பமான பொருள். கியோட்டோவின் கியோன் பகுதியில், கெய்ஷா எனப்படும் மரபுக் கலைப் பெண்களைப் பயணிகள் துரத்திப் படம் எடுத்ததால், 2024-இல் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது என்று பலகை வைத்தார்கள். மீறினால் 10,000 யென். அதே ஆண்டு ஃபூஜி மலை அடிவார ஊர் ஒன்றில், ஒரு கடைக்கு மேலே மலை தெரியும் படத்துக்காகச் சாலையில் குவிந்தவர்களைச் சமாளிக்க முடியாமல், மலையையே மறைத்துக் கறுப்புத் திரை கட்டினார்கள். அமீரகத்தில் ஒருவரை அனுமதியின்றிப் படம் எடுப்பது சட்டக் குற்றமாகலாம். கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகளை எடுக்கவே வேண்டாம். மருத்துவமனை வாசலில் தரையில் படுத்திருக்கும் நம் ஊர் நோயாளியை ஒரு வெளிநாட்டவர் படம் எடுத்துக்கொண்டு போனால் நமக்கு என்ன தோன்றும் என்பதே இதற்கு அளவு.

ஒன்பதாம் படி: நாலு சொல்

தமிழில் நன்றி என்ற சொல் மேடைக்கும் கடிதத்துக்கும் உரியது. தண்ணீர் கொடுத்த அண்ணிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் என்ன கோபம் என்று கேட்பார்கள். முகத்திலேயே நன்றியைக் காட்டிப் பழகிய நமக்கு, கடைக்காரருக்கும் ஓட்டுநருக்கும் வாய்விட்டுச் சொல்வது வேற்றாள்தனமாகப் படுகிறது. வெளிநாட்டில் அந்தச் சொல் வராவிட்டால் அதைத் திமிராக எடுத்துக்கொள்வார்கள். மலாயில் 'தெரிமா காசி', ஜப்பானியத்தில் 'அரிகதோ கொசைமஸ்', அரபியில் 'சுக்ரன்', ஜெர்மனில் 'டாங்கெ', தாய் மொழியில் ஆண்கள் 'கோப்குன் க்ரப்' என்றும் பெண்கள் 'கோப்குன் கா' என்றும் சொல்ல வேண்டும். இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்க ஒரு சொல், வணக்கத்துக்கு ஒரு சொல், 'வேண்டாம்' என்பதற்கு ஒரு சொல் ஆகியவற்றையும் சேர்த்து, பயணத்துக்கு முந்தைய வாரம் வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள். நம் தலையசைப்பு ஆமாம் என்கிறதா, பார்க்கலாம் என்கிறதா என்று அவர்களுக்குப் புரியாது. வாயால் பதில் சொல்லுங்கள்.

அறிமுகமான ஐந்தாம் நிமிடத்தில் சம்பளம், கல்யாணம், குழந்தை, மதம் பற்றிக் கேட்பது இங்கே அக்கறை, அங்கே அத்துமீறல். விலைச்சீட்டு ஒட்டிய கடையில் பேரம் பேசக் கூடாது. பாங்காக் சந்தையிலோ சிரித்துக்கொண்டே பேரம் பேசலாம். ஒத்துக்கொண்ட விலைக்குப் பிறகு வாங்காமல் நகர்வதுதான் தவறு.

பத்தாம் படி: தவறு நேர்ந்தால்

எவ்வளவு படித்துப் போனாலும் ஏதாவது ஒன்று நடக்கும். அப்போது "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று விளக்கம் கொடுக்க வேண்டாம். நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, சரி செய்ய முடிந்ததைச் சரி செய்யுங்கள். அபராதம் விதித்தால் ரசீது வாங்கிக்கொண்டு கட்டிவிடுங்கள். அதிகாரியிடம் பணத்தை நீட்டிப் பேசி முடிக்க முயல்வது பல நாடுகளில் முதல் குற்றத்தைவிடப் பெரிய குற்றம். குழுவில் ஒருவர் தவறு செய்தால் அவரை எல்லோர் முன்னிலும் திட்டாமல், தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு அவர்கள் பேரப்பிள்ளை வழியாகச் சொன்னால் உடனே கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கடைசி நாள்

அறையைக் காலி செய்யும் நாளில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, குப்பையை ஓரிடத்தில் சேர்த்து, பயன்படுத்திய துண்டுகளைக் குளியலறையில் குவித்து வையுங்கள். சோப்பு, ஷாம்பு, தேயிலைப் பொட்டலம் போன்ற ஒருமுறை பயன்படும் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம். துண்டு, தலைமுடி உலர்த்தும் கருவி, துணி மாட்டும் கம்பி, குவளை ஆகியவை விடுதியின் சொத்து. 2019-இல் பாலித் தீவின் விடுதி ஒன்றில், இந்தியக் குடும்பம் ஒன்றின் பெட்டிகளை வாசலில் வைத்துத் திறந்து அறைப் பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்த காணொளியைப் பார்க்காதவர்கள் குறைவு. பெட்டிகளை மூடும் முன் குழுவில் ஒருவர் எல்லா அறைகளுக்கும் போய், "தெரியாம எதுவும் உள்ள வந்திருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வருவது நல்லது. எங்கள் குழுவில் அந்த வேலை என்னுடையது. ஒருமுறை இரண்டு குவளைகளும் ஒரு தலையணை உறையும் திரும்பி வந்தன, யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

வண்டி ஓட்டியவருக்கோ வழிகாட்டியவருக்கோ படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அது நடக்காது. மீனம்பாக்கத்தில் பெட்டி வரும்வரை காத்திருக்கும் நேரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.